கண்மாய்க்கு ஒரு சர்வர்

அதிகாரி ஒருவரை மிரட்ட வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வசனம் உண்டு. "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்." அந்தக் காடு எது என்று விளக்கத் தேவையில்லை. இராமநாதபுரத்துக்காரர்கள் பலர் அதைக் கேட்டுச் சிரித்து வைப்பார்கள். பூமயில் சிரிக்க மாட்டாள். சென்னையில் அவள் வேலை பார்த்த கம்பெனியின் மேலாளர் அவளுடைய ஊரைக் கேட்டுவிட்டு இதையே சொன்னபோது, "தண்ணி வரும் சார். சொல்லாம வரும், அதுதான் பிரச்சினை" என்றாள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

அதில் நகைச்சுவை எதுவும் இல்லை. பூமயிலின் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல்குளம். அவளுடைய அய்யா தங்கசாமி மழைக்காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்வார். கோடையில் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார். ஊர்க் கண்மாய்க்கு மேலே செங்கமடைக் கண்மாய் இருக்கிறது. அது நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழே உள்ள கண்மாய்களுக்குத்தான் வந்து சேரும். 2005 மழையில் செங்கமடை நிரம்பியது. கீழே உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கில் செருகியிருந்த பலகைகளைக்கூட எடுக்காமல் கரிசல்குளத்தார் இருந்தார்கள். கரை உடைந்தது. தெற்குத் தெருவில் ஒரு மண்சுவரும் மிஞ்சவில்லை, தங்கசாமியின் வீடு உட்பட.

அந்த நேரத்தில் பூமயில் சென்னையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, கடல் கடந்த ஏதோ ஓர் ஊரில் ஒரு கடையில் எத்தனை சட்டை மிச்சமிருக்கிறது என்று அந்தக் கடைக்காரனுக்குக் காட்டுகிற வலைப்பக்கத்தை ஜாவாவில் எழுதிக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எவனோ ஒருவனின் சட்டைக் கணக்கைச் சொல்லத் தெரிந்த தனக்கு, சொந்த ஊருக்குத் தண்ணீர் வருகிறது என்று சொல்ல வழியில்லையே என்ற ஆத்திரம். அடுத்த மாதம் வேலையை விட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? வேலையை விட்டுவிட்டு வந்த பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினார்கள். "அங்கன என்ன நடந்துச்சோ?" என்று ஒருத்தி தெருக்குழாயடியில் இழுத்தபோது, "ஒண்ணும் நடக்கல சித்தி. எனக்குப் பிடிச்சு நாந்தான் வந்தேன். குடத்த நகட்டுங்க, தண்ணி வீணாப் போகுது" என்றாள் பூமயில். அம்மா ராக்கு மட்டும் கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அவளுக்கும் அலுத்துவிட்டது.

இராமநாதபுரத்தில் உரக்கடை ஒன்றின் மாடியில் கண்மாய் விவசாயிகள் கூட்டமைப்பு இயங்கிவந்தது. அதன் தலைவர் முத்துராமலிங்கம், நிலபுலன் உள்ளவர். அவர் வயலில் தங்கசாமி நாற்றுக் கட்டு சுமந்திருக்கிறார். பூமயில் படியேறிப் போய், கண்மாய்களுக்கு ஒரு வலைப்பக்கம் செய்ய வேண்டும் என்று சொன்னபோது அவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"தங்கசாமி மகளா நீ? உங்கய்யா வாய் திறக்க மாட்டானே."

"அதுக்கும் சேத்துத்தான் நான் பேசுறேன், தலைவரே."

எல்லோரும் அவரை அய்யா என்றுதான் அழைப்பார்கள். பூமயிலுக்கு அய்யா ஒருவர்தான். அவர் கரிமூட்டத்தில் இருந்தார். தலைவரே என்ற அழைப்பு முத்துராமலிங்கத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அவள் சொன்ன விஷயம் பிடித்திருந்தது. சென்னையில் ஓர் அறக்கட்டளை கூட்டமைப்புக்குப் பணம் கொடுத்துவந்தது. அவர்களிடம் பேசி ஒரு கணினி வாங்கினார்.

ஜாவாவில் எழுதுவது பூமயிலுக்குப் பெரிய காரியமில்லை. எழுதியதையெல்லாம் கோத்து ஓடுகிற பொருளாகக் கட்டுவதில்தான் இழுபறி. அந்த வேலைக்கு மேவன் என்றொரு கருவி உண்டு. நல்ல உழைப்பாளி. ஆனால் கல்யாண வீட்டுச் சமையல்காரரைப் போல, அடுப்பு மூட்டும் முன்னே சாமான் கேட்கும். கேட்கிற சாமான் எல்லாம் இணையத்தில் இருக்கும். முதல் தடவை ஓட விட்டால் சந்தையையே இறக்கச் சொல்லும். கூட்டமைப்பு அலுவலகத்தில் அப்போது இணையம் கிடையாது. பூமயில் கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பேருந்து நிலையத்துப் பக்கம் கபீர் நடத்திவந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். கோப்புகள் சொட்டுச் சொட்டாக இறங்கின. கபீருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தங்கச்சி, இம்புட்டு நேரமா படமா எறக்குற? போலீசு வந்தா என் தலைதான் உருளும்."

"படமில்ல பாய், ஜார் ஃபைலு."

"அது எந்த ஊருப் படம்?"

கடைசியில் திரையில் கட்டுமானம் வெற்றி என்று வந்தபோது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து இருக்கைக்காரன் எழுந்தே விட்டான். கபீர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கட்டியதை ஓட்டுவதற்கு இரண்டு வழி உண்டு. முறையான வழி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கேட்கிறவர்களுக்கு வலைப்பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற டாம்கேட் என்ற சர்வருக்குள் போட்டுவிடுவது. அந்த மூட்டைக்கு வார் கோப்பு என்று பெயர். போட்ட பிறகு மேவனுக்கு அங்கே வேலையில்லை. சோம்பேறி வழி, மேவனையே ஓட்டச் சொல்வது. ஒரு வரி ஆணை கொடுத்தால் போதும், அது ஜெட்டி என்ற குட்டிச் சர்வரைக் கிளப்பிவிடும். அந்தப் பெயரைக் கேட்டு, தொலைபேசி எடுக்க வந்த தொண்டிப் பெண் நஸீரா ஒரு வாரம் சிரித்தாள். எழுதி எழுதிப் பார்க்கும் காலத்துக்கு அந்தச் சோம்பேறி வழி வசதியாக இருந்தது. பூமயில் அப்படியே பழகிவிட்டாள். பிறகு அலுவலகத்துக்கு இணையமும் வந்துவிட்டது, மாற்றத் தோன்றவில்லை.

வேலை எளிதானது. ஒவ்வொரு கண்மாயிலும் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற நீர்பாய்ச்சி போனில் தண்ணீர் மட்டத்தைச் சொல்வார். நஸீரா பதிவாள். மேல் கண்மாய் நிரம்பினால் கீழே எந்தெந்த ஊருக்குத் தண்ணீர் போகும், அன்றைக்கு அந்த ஊரில் கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் முறை யாருடையது, அவரை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்று திரையில் சிவப்பாக வரும். முறை மாற மாறப் பெயரும் எண்ணும் மாறும். மனித மூளையில் நிற்காத சங்கதி அது. 2007 மழையில் அது நன்றாகவே உழைத்தது. கரிசல்குளத்தில் குழாயடி ஆட்கள் அவளைப் பார்த்ததும் வேறு பேச்சுக்கு மாறினார்கள்.

வந்தது வினை அறக்கட்டளையிலிருந்து. அவர்களுடைய கணினி ஆலோசகர் குருநாதன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். மரியாதையாக மேடம் மேடம் என்றுதான் பேசுவார். "இங்கே கரண்ட் நிற்பதில்லை, தூசி அடைகிறது, உங்களை விட்டால் பார்க்க ஆளில்லை. சர்வரைச் சென்னைக்கு மாற்றிவிடலாம். நீங்களும் வந்துவிடுங்கள்."

"நான் அங்கேருந்துதான் சார் வந்தேன்."

"உணர்ச்சிவசப்படாதீர்கள், மேடம்."

"உணர்ச்சி கிடக்கட்டும் சார். மழை வந்தா இங்க மொதல்ல போறது வெளி லைன். மாவட்டத்துக்குள்ள போன் அடிக்கும், வெளியில போகாது. மழைக்குன்னு செஞ்ச சாமான் மழையில வேலை செய்யாட்டி எதுக்கு அது? இது இங்கன ஓடணும். வெளிக்கம்பிய நம்பாம ஓடணும்."

அவர் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு வார் கோப்புக் கேட்டார். கட்டி அனுப்பினாள். சென்னையில் அதை ஓடவிட்டுத் தயாராக இருந்தார். 2008 விஜயதசமியன்று செயற்குழு கூடி முடிவெடுப்பது என்று முத்துராமலிங்கம் நாள் குறித்தார். எதற்கும் நல்ல நாள் பார்க்கிறவர் அவர். சர்வர் போகும் அல்லது இருக்கும், அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் அலுவலகமே பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. நஸீரா மேசை துடைத்தாள். பூமயிலுக்கும் கை பரபரத்தது. கணினிக்குள் கிடந்த பழைய கட்டுமானங்கள் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினாள், போன மாதம் கட்டிய வார் கோப்பு உட்பட. விஜயதசமிக்குச் சிங்காரமாக இருக்கட்டும் என்று, மேவனின் சாமான்களையும் புதுசாக இறக்கிக்கொள்ளச் சொன்னாள். பாதி இறங்கும்போது வானம் இருட்டி, இணைய லைன் நின்றது. ஜெட்டி மட்டும் ஏற்கெனவே கிளம்பியது கிளம்பியபடி ஓடிக்கொண்டிருந்தது. சரி, லைன் வந்ததும் மிச்சத்தைப் பார்ப்போம் என்று நினைத்தாள். கணினிமேல் "அணைக்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, பூஜைக்கு ஊருக்குப் போனாள்.

விஜயதசமி காலையில் நனைந்துகொண்டே மாடியேறினாள். கணினிக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். சந்தனம், குங்குமம், முன்னால் பொரிகடலை. அவள் ஒட்டிய காகிதத்துக்கும் ஒரு பொட்டு. திரை இருண்டு கிடந்தது.

"யாரு அணைச்சது?"

நஸீரா தலைவரின் பக்கம் பார்த்தாள்.

"நாந்தாத்தா அணைச்சேன்" என்றார் முத்துராமலிங்கம், ஒரு குற்ற உணர்வும் இல்லாமல். "மம்பட்டிக்கு ஓய்வு உண்டு, கலப்பைக்கு ஓய்வு உண்டு. இது மட்டும் என்ன, வானத்துலருந்தா குதிச்சுச்சு? பூசையில வச்ச ஆயுதம் உர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கலாமா?"

பூமயிலால் சண்டை போட முடியவில்லை. அவளுடைய அய்யாவும் அந்த நாளில் வெட்டரிவாளைத் தொட மாட்டார். மாலையை எடுத்து வைத்துவிட்டுக் கணினியைப் போட்டாள். வழக்கமான ஒரு வரி ஆணையைக் கொடுத்தாள். மேவன் வழக்கம்போல் வெளியே சாமான் தேடிப் போனது. லைன் இன்னும் வரவில்லை. பிழை. வெளியே போகாதே, இருப்பதை வைத்து ஓட்டு என்று சொல்வதற்கும் ஓர் ஆணை உண்டு. அதையும் கொடுத்தாள். இருப்பது அரைகுறை என்றது. முந்தாநாள் சாயங்காலம் அவள் பாதியில் விட்ட சாமான்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளிக்கம்பியை நம்பாமல் ஓட வேண்டும் என்று குருநாதனிடம் மார்தட்டியவள் அவள். வெளிக்கம்பி இல்லாமல் எழுந்திருக்காத சர்வரை வைத்துக்கொண்டிருந்தவளும் அவளே. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அதுதான். தலைவர் அணைத்தது ஒரு சாக்கு. தப்பு அவளுடையது. அது தெரிந்ததும் காது மடல் சுட்டது.

தொலைபேசி அடித்தது. செங்கமடை நீர்பாய்ச்சி மலையாண்டி. நஸீரா எடுத்து, கேட்டதைத் திருப்பிச் சொன்னாள்.

"மயிலக்கா, செங்கமடை மறுகால் பாய ஆரம்பிச்சிருச்சாம். கீழ உள்ளவுகளுக்குச் சொல்லச் சொல்றாரு."

கரிசல்குளத்துக்கு உடனே சொல்லியாயிற்று. அது சொந்த ஊர், எண் மனப்பாடம். ஆனால் செங்கமடைத் தண்ணீர் இன்னும் பல ஊருக்குப் பிரிந்து போகும். அந்த ஊர்களில் இந்த மாதம் முறை யாருடையது? எல்லாம் அந்த இருண்ட பெட்டிக்குள் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ரயிலிலிருந்து இறங்கிய குருநாதன் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். நிலவரத்தைக் கேட்டதும் தன் மடிக்கணினியைத் திறந்தார். சென்னைச் சர்வரைத் தொட லைன் இல்லை. மூடிவிட்டார்.

"இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது மேடம். லைன் வரட்டும்."

"லைன் வர்றவரைக்கும் தண்ணி நிக்காது சார்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உறைத்தது. போன மாதம் அனுப்பிய வார் கோப்பு அவருடைய மடிக்கணினியில் இருக்கும். அதை யாரிடம் கேட்பது? சர்வரைத் தூக்கிக்கொண்டு போக வந்த மனிதரிடம். கேட்டால் அவர் முன்னால் தோற்றது போலாகும். கேட்காவிட்டால் யாரோ ஒரு தங்கசாமியின் வீடு போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"சார், நான் அனுப்புன வார் ஃபைலு உங்ககிட்ட இருக்கு. டாம்கேட்டும் இருக்கும். பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க."

குருநாதன் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பையைத் துழாவிப் பென் டிரைவை எடுத்தார். அதற்காக அவரை அவள் பின்னாளில் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை.

டாம்கேட்டைக் கணினியில் ஏற்றினாள். மூட்டையை அதன் கோப்புறைக்குள் போட்டாள். கிளப்பினாள். டாம்கேட் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெளியே போகவில்லை. மூட்டையைத் தானே பிரித்துக்கொண்டது, பக்கம் வந்தது. ஒரு மாதம் பழைய பக்கம்தான். ஆனால் பெயர்களும் எண்களும் அதே கணினியில் தனியாக இருந்த தரவுத்தளத்தில் இருந்தவை, அவை புதுசு. நஸீரா செங்கமடை மட்டத்தைப் பதிந்ததும் கீழ் ஊர்கள் சிவப்பாக வந்தன.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நஸீரா, தொலைபேசியில் எண்களை அழுத்திக்கொண்டே.

இன்னொரு தொலைபேசியைத் தலைவரே எடுத்தார். திரையைப் பார்த்துப் பார்த்து ஊர் ஊராகக் கூப்பிட்டுக் கத்தினார். "ஏலே, கலுங்குப் பலகையப் புடுங்குங்கடா! பெறகு வந்து பூசை கும்பிடலாம்!" மதியத்துக்குள் எல்லா ஊரிலிருந்தும் பதில் வந்துவிட்டது. பலகைகளை எடுத்துவிட்டார்கள். ஒரு கரையும் உடையவில்லை.

கூட்டம் கூடியது. செயற்குழு விவசாயிகள் வேட்டியைப் பிழிந்துவிட்டு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி. இனி முடிவு தன் பக்கம்தான் என்று பூமயில் நினைத்த நேரத்தில் குருநாதன் எழுந்தார்.

"இன்றைக்குத் தப்பித்தோம். ஆனால் எப்படித் தப்பித்தோம்? என் பையில் ஒரு பிரதி இருந்ததால். இங்கே ஒருவர் ஸ்விட்சை அணைத்தார், அவ்வளவுதான், மொத்தமும் படுத்துவிட்டது. மேடம் இல்லாத நாளில் இப்படி நடந்தால் யார் எழுப்புவார்கள்? அதனால்தான் சென்னை என்கிறேன்."

விவசாயிகள் தலையாட்டினார்கள். நியாயமான கேள்வி. முத்துராமலிங்கமும் மோவாயைத் தடவினார். "அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கேத்தா. நீ ஒருத்திய நம்பி…"

"இருக்கு" என்றாள் பூமயில். "எந்திரிக்காமப் போனதுக்குக் காரணம் நாந்தான். சோம்பேறி வழியில ஓட்டுனேன். அவரு பிரதி குடுத்தாரு, இல்லேங்கல. ஆனா இது சென்னையில இருந்திருந்தா இன்னைக்கு உங்கள்ல யாரு வீடு நின்னிருக்கும்? லைன் இன்னமும் வரல. போன எடுத்துச் சென்னைக்கு அடிச்சுப் பாருங்க."

யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

"நான் இல்லாத நாளைக்கு என்ன பண்ணன்னு கேக்குறாரு. பதில் சொல்றேன். கொஞ்சம் பொறுங்க."

அவள் கணினியின் முன் போய் உட்கார்ந்தாள். கணினி விழித்ததும் டாம்கேட் தானாக எழுந்திருக்கும்படி அதைப் பதிவு செய்துவைத்தாள். யாரும் ஆணை கொடுக்க வேண்டாம். மேவன் பக்கத்திலேயே வர வேண்டாம். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தலைவரே, வந்து அணைங்க."

முத்துராமலிங்கம் திடுக்கிட்டார். "என்னாத்தா சொல்ற? இப்பத்தான ஓடுது."

"அன்னைக்கு அணைச்சீகள்ல? அதே மாதிரி அணைங்க."

"வேண்டாம் மேடம்" என்றார் குருநாதன். "எழவில்லை என்றால் இந்த மழையில்…"

"எழலைன்னா நீங்களே தூக்கிட்டுப் போங்க சார். நான் தடுக்கல."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே உறுதியில்லை. ஒரு தடவைகூட சோதித்துப் பார்க்காத சங்கதி அது. ஆனாலும் தனியாக ஒத்திகை பார்த்துவிட்டு வந்து இந்த மனிதர்கள் முன்னால் வெற்றியைக் காட்ட அவளுக்கு விருப்பமில்லை. விழுந்தால் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் விழட்டும்.

முத்துராமலிங்கம் எழுந்து வந்தார். பூஜையன்று யோசிக்காமல் போன கை இப்போது தயங்கியது. ஸ்விட்சை அணைத்தார். திரை இருண்டது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"போடுங்க."

போட்டார். கணினி முனகியது, எழுத்துகள் ஓடின. பூமயில் சுவரை விட்டு நகரவில்லை. நஸீராதான் போய்ப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைத் திரை கொஞ்ச நேரம் வெள்ளையாகவே நின்றது. குருநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு செங்கமடை வந்தது, கரிசல்குளம் வந்தது, ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பும் பச்சையுமாக வரிசையில் வந்து நின்றன.

"ஒரு தடவை தற்செயலாகவும்…" என்று குருநாதன் தொடங்கினார்.

"இன்னொரு தடவை அணைங்க தலைவரே" என்றாள் பூமயில்.

அவர் அணைத்தார். போட்டார். மறுபடியும் எழுந்தது. விவசாயிகளில் யாரோ கைதட்டினார். குருநாதனும் மெல்லச் சிரித்துக்கொண்டு, இனிமேல் வாதாட ஒன்றுமில்லை என்பதுபோல் தன் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தார்.

முத்துராமலிங்கம் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எத்தன தடவை அணைச்சாலும் எந்திரிச்சுருது. சரித்தா, இங்கனயே கிடக்கட்டும்."

"கிடக்காது தலைவரே" என்றாள் பூமயில். "ஓடும்."